"ஏம்மா, உன் பூனை எங்க வீட்ல என்ன பண்ணுச்சு தெரியுமா?" - ஊர் சுற்றும் பூனையும் எதிர் வீட்டுப் பஞ்சாயத்தும்!

காலை 6:40. காலிங் பெல். கதவைத் திறந்தால் எதிர் வீட்டு ஆன்ட்டி. கையில் ஒரு பால் பாக்கெட். ஓரத்தில் பல் தடம், உள்ளே பாதிப் பால்தான் மிச்சம்.

"ஏம்மா, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதே..."

இப்படி ஆரம்பித்த எந்தப் பேச்சும் நல்லபடியாக முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. பால் பாக்கெட்டில் தொடங்கியது, மொட்டை மாடியில் காயப்போட்ட வடகம், அங்கிளோட பைக் சீட், ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்கும் சண்டைச் சத்தம் என்று நீண்டுகொண்டே போனது. குற்றவாளி, என் பூனை பிஸ்கட். வயது ஒன்றரை. விசாரணை நடந்துகொண்டிருந்தபோது சோபாவில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஆன்ட்டி குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் உண்மையான விஷயம். "வளைகாப்பு முடிஞ்சு அடுத்த வாரம் பொண்ணு வர்றா. இவன் என்னடான்னா எங்க துளசித் தொட்டியில போயிட்டு மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போறான். வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீயே சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. 'பூனை அப்படித்தான் ஆன்ட்டி' என்று சிரித்துச் சமாளித்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று, கால்நடை மருத்துவரிடம் கேட்ட பிறகும், தேடிப் படித்த பிறகும்தான் புரிந்தது. பூனை வளர்க்கிறவர்களுக்கும், பூனையால் நொந்துபோன பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரை.

அது ஏன் பக்கத்து வீட்டுக்குப் போகுது?

நாம சோறு போடுறோம், மெத்தை போடுறோம், அப்புறமும் ஏன்? பூனைக்கு நம்ம வீட்டுக் கதவு எல்லை கிடையாது. தான் சுற்றி வந்து, கன்னத்தைத் தேய்த்து, நகத்தால் கீறி, வாசனை வைத்த இடமெல்லாம் அதன் ஏரியா. கன்னம், நெற்றி, பாதம் என எல்லா இடத்திலும் அதற்கு வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. பைக் சீட்டைக் கிழிப்பதும் அங்கிள் மேல் உள்ள கோபத்தில் அல்ல. நகத்தின் மேலுறையை உதிர்ப்பது, உடம்பை நீட்டி முறிப்பது, 'இது என் இடம்' என்று கையெழுத்துப் போடுவது, மூன்றும் ஒரே வேலையில் முடிகிறது. சொரசொரப்பா, உறுதியா, நிற்கிற உயரத்தில் ஒரு பொருள் வேண்டும். பைக் சீட்டை விட்டால் வேறென்ன?

எவ்வளவு தூரம் போகும்? வீட்டுப் பூனைகளுக்கு ஜி.பி.எஸ். கருவி மாட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் 925 பூனைகளைக் கண்காணித்தார்கள். பெரும்பாலானவை வீட்டிலிருந்து சுமார் 100 மீட்டருக்குள்ளேயே சுற்றின. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் நம்ம ஊர் அப்பார்ட்மென்ட் கணக்கில் 100 மீட்டர் என்றால் எத்தனை பால்கனி, எத்தனை அடுப்படி ஜன்னல், எத்தனை மொட்டை மாடி என்று யோசித்துப் பாருங்க.

இங்கிலாந்தில் ஷாம்லி கிரீன் என்ற கிராமத்தில் 50 பூனைகளுக்குக் கருவி மாட்டி 2013-ல் பி.பி.சி. ஒரு நிகழ்ச்சியே எடுத்தது. அடுத்த வீட்டுக்குள் நைசாக நுழைந்து, அங்கிருக்கும் பூனையின் சாப்பாட்டைக் காலி செய்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வீடு திரும்பிய பூனைகள் அதில் மாட்டின. ஆக, பிஸ்கட் மட்டும் விதிவிலக்கு இல்லை. பால் பாக்கெட் விஷயத்தில் இன்னொன்று: வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிறு போகும். அந்த வயிற்றுப்போக்கு எந்தத் தொட்டியில் முடியும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

துளசித் தொட்டியும் கர்ப்பிணிப் பெண்ணும்

ஆன்ட்டியின் பயம் மூடநம்பிக்கை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். இல்லை. பாதி சரி.

டாக்சோபிளாஸ்மா என்று ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. எலி, பறவை, பச்சை இறைச்சி மூலமாகப் பூனைக்கு வரும். முதல்முறை தொற்றும்போது ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை பூனையின் மலத்தில் அதன் முட்டை போன்ற வடிவம் வெளியேறும். அதன் பிறகு பெரும்பாலும் வெளியேறாது. இது ஆரோக்கியமானவர்களைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. மலத்தில் வந்த உடனே அது தொற்றாது. தொற்றும் நிலைக்கு மாற ஒன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். வீட்டுக்குள் மணல் தட்டு வைத்து, தினமும் அள்ளிப் போட்டுவிட்டால் அந்த வாய்ப்பே இல்லாமல் செய்துவிடலாம். ஆனால் தொட்டி மண்ணில் யாரும் தினமும் அள்ளுவதில்லை. ஈர மண்ணில் அது பல மாதங்கள் உயிர்ப்போடு கிடக்கும். அதே மண்ணில் தண்ணீர் ஊற்றி, கையாலேயே களை பிடுங்கி, அங்கேயே நாலு இலை கிள்ளி வாயில் போடுகிறோம்.

அதாவது, மணல் தட்டு கழுவும் சோம்பேறித்தனத்தில் 'வெளியே போயிட்டு வரட்டும்' என்று நான் விட்டபோது, என் வீட்டில் இருந்திருக்க வேண்டிய சின்ன ஆபத்தை ஆன்ட்டி வீட்டுக்குப் பெரிய ஆபத்தாக்கி அனுப்பியிருக்கிறேன். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே நேரம், பூனையைத் தொட்டாலே குழந்தைக்கு ஆகாது என்பது சரியில்லை. உண்மையில் அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத காய்கறி, மண் ஆகியவைதான் முக்கியமான வழிகள். கர்ப்பிணிகள் தோட்ட வேலைக்குக் கையுறை போடலாம், மணல் தட்டை வேறு யாராவது சுத்தம் செய்யலாம், இறைச்சியை நன்றாக வேகவைக்கலாம், சோப்பு போட்டுக் கை கழுவலாம். சந்தேகம் இருந்தால் ஏற்கெனவே தொற்று வந்துபோயிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம், மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்க.

'பூனை முடி உள்ளே போனா ஆஸ்துமா வரும்' என்பது இன்னொரு நிரந்தர டயலாக். அலர்ஜி நிஜம். ஆனால் காரணம் முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உள்ள ஒரு புரதம். உடம்பை நக்கி நக்கிச் சுத்தம் செய்யும்போது அது முடியில் ஒட்டி, காய்ந்து, தூசியோடு பறக்கிறது. அலர்ஜி இல்லாதவருக்கு ஒன்றும் ஆகாது. இருப்பவருக்கு, பூனை வந்து படுத்துப் போன பாயே போதும், தும்மல் பின்னிவிடும். அவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைக்காதீங்க.

கீறினாலோ கடித்தாலோ மட்டும் எந்த விவாதமும் வேண்டாம். பூனை மூலமும் ரேபிஸ் வரும். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நேராக மருத்துவமனை. உங்கள் பூனைக்கு ஊசி போட்ட அட்டையை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்க. பஞ்சாயத்து வரும்போது அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அந்த நாற்றமும் நடுராத்திரிக் கச்சேரியும்

அக்கம்பக்கத்துப் புகார்களில் பாதிக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: ஆபரேஷன் செய்யாத கடுவன் பூனை. கருத்தடை செய்யாத கடுவன், வாலைத் தூக்கி நின்றபடி சுவரிலும் கதவிலும் சிறுநீரைப் பீய்ச்சும். அதன் சிறுநீரில் உள்ள ஒரு வகை அமினோ அமிலம் சிதையும்போது கந்தகம் கலந்த அந்தக் குடலைப் பிரட்டும் வாசனை வருகிறது. ஏரியாவுக்காகவும் துணைக்காகவும் சண்டை, இரவில் குழந்தை அழுவது போன்ற அந்த ஓலம், தெரு தாண்டி அலைவது எல்லாம் இதோடு சேர்ந்ததுதான். ஆபரேஷனுக்குப் பிறகு பத்தில் ஒன்பது கடுவன்களிடம் இந்தப் பழக்கங்கள் குறைந்துவிடும். மறுநாளே குறையாது, ஹார்மோன் வடிய சில வாரங்கள் ஆகும்.

பெட்டைப் பூனை என்றால் கணக்கு இன்னும் வேகம். நாலைந்து மாதத்திலேயே சினைப்படலாம். சினைக் காலம் ஒன்பது வாரம்தான். ஒரு ஈற்றில் மூன்று, நான்கு குட்டிகள். வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. 'ஒரே ஒரு பூனைதானே' என்று ஆரம்பித்த வீடு அடுத்த பொங்கலுக்குள் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்க.

பிஸ்கட்டுக்கு நான் ஆபரேஷனை 'அடுத்த மாசம்' என்று ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். பாவம், வலிக்குமே என்ற எண்ணம். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அந்த ஆபரேஷன் முடிந்து மறுநாளே அவன் பீரோ மேல் ஏறிவிட்டான். தனியார் கிளினிக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். அரசு கால்நடை மருத்துவமனைகளில் செலவு குறைவு. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

சிறுநீர்க் கறை பட்ட இடத்தில் ப்ளீச்சிங் ஊற்றாதீங்க. சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூக்கையும் நுரையீரலையும் எரிக்கும் வாயு வரும். முதலில் தண்ணீரும் சோப்பும், பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த க்ளீனர். வாசனை மிச்சமிருந்தால் பூனை மறுபடி அங்கேதான் வரும்.

அந்துருண்டை வேண்டாம் மக்களே!

பூனையை விரட்ட நம்ம வீடுகளில் செய்வது மூன்று: அந்துருண்டை, ஃபினாயில், மிளகாய்ப்பொடி. மூன்றுமே மோசம். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் பூனைக்கு விஷம், தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் குழந்தைக்கும் விஷம். ஃபினாயில் இன்னும் கொடுமை. அந்த வகை வேதிப்பொருள்களைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஃபினாயில் தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். யாரும் கொல்ல நினைத்திருக்க மாட்டார்கள், ஆனால் சிக்கல் ஆகிவிடும். (பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கும் நல்ல உள்ளங்களே, அதுவும் இதே கதைதான். ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.)

கேட்டில் நீலத் தண்ணீர் பாட்டில் கட்டித் தொங்கவிடுவது விஷமில்லை. பயனும் இல்லை. ஜப்பானிலும் பூனைக்குப் பயந்து வீட்டு வாசலில் தண்ணீர் பாட்டிலை வரிசையாக வைக்கிறார்கள். அங்கேயும் பூனைகள் அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகின்றன.

வேலைக்கு ஆகும் வழிகள் சாதாரணமானவை. பூனைக்குத் தோண்ட இளகிய மண் வேண்டும். தொட்டி மண்ணின் மேல் கூழாங்கற்களையோ தேங்காய் ஓடுகளையோ அடுக்கிவிட்டால் தோண்ட முடியாது. கோழிவலையைத் தொட்டி அளவுக்கு வெட்டி மேலே பதித்தாலும் போதும், செடிக்கு ஒன்றும் ஆகாது. பால் பாக்கெட்டுக்கு மூடியுள்ள டப்பா. வடகத்துக்கு நாலு முனையிலும் கல் வைத்த பழைய கொசுவலை. பைக்குக் கவர். இதற்கெல்லாம் யார் செலவு செய்வது? என்னைக் கேட்டால், பூனைக்காரர். கூழாங்கல் மூட்டையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

சட்டம் என்ன சொல்லுது?

கோபத்தில் விஷம் வைப்பது குற்றம். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவு, எந்த விலங்கையும் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

'கொல்லல சார், சாக்குல போட்டு மீன் மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வந்துட்டேன்' என்பதும் தப்பிக்க வழியில்லை. வளர்ப்பு விலங்கு சட்டத்தின் பார்வையில் உரிமையாளரின் சொத்து. 1860-ல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்குக் கொடுத்த உதாரணங்களிலேயே ஒன்று, பையில் இரையை வைத்துக்கொண்டு அடுத்தவர் நாயைத் தன் பின்னால் வரவைக்கும் ஆசாமியைப் பற்றியதுதான்.

அதற்காகப் பூனைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட வேண்டாம். செல்லப்பிராணி வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்பது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல். ஆனால் சுத்தம், தடுப்பூசி, அடுத்தவருக்குத் தொந்தரவு இல்லாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் நம்ம தலையில்தான். உங்கள் மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் பூனைக்கும் உண்டா என்று பார்த்து வாங்கிவிடுங்க.

ஒவ்வொரு ஊரிலும் இதற்கு ஒரு நியாயம். ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊர், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடியைக் காப்பாற்ற 2022-ல் கோடை மாதங்களில் பூனைகளை வெளியே விடக் கூடாது என்றே உத்தரவு போட்டது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2022 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்த பூனைகள் உரிமையாளரின் இடத்தை விட்டு வெளியே சுற்றக் கூடாது.

வாட்ஸ்அப் க்ரூப்ல மட்டும் வேண்டாம்

நான் பார்த்தவரை பூனைச் சண்டை மனுஷச் சண்டையாக மாறும் இடம் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் க்ரூப். 'சிலர் தங்கள் செல்லப்பிராணிகளை...' என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். யாரைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். பத்து 'தம்ஸ் அப்', இரண்டு பூனை ஸ்டிக்கர், ஒரு 'முதல்ல உங்க கார் பார்க்கிங்கைச் சரி பண்ணுங்க'. அவ்வளவுதான், மூன்று வருடப் பகை திறந்துவிடும்.

புகார் சொல்கிறவர் நேரில் வாங்க. என்ன நடந்தது, எப்போது, முடிந்தால் ஒரு போட்டோ. முதலில் அது அந்த வீட்டுப் பூனைதானா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. ஆரஞ்சுப் பூனை எல்லாம் தூரத்தில் ஒன்று போலத்தான் இருக்கும். யார் வீட்டுப் பூனை என்று தெரியாவிட்டால், இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் காலரில் 'இது யார் பூனை? கூப்பிடுங்க' என்று போன் நம்பரோடு சீட்டு கட்டி அனுப்பலாம். இரண்டு மூன்று வீடுகளில் 'எங்க பூனை' என்று சோறு வாங்கித் தின்னும் ரகசியமெல்லாம் இப்படித்தான் வெளியே வரும்.

புகார் கேட்கிறவர், அதாவது என்னைப் போன்றவர், 'அது பூனை, அதுக்கென்ன தெரியும்' என்று மட்டும் சொல்லிவிடாதீங்க. பூனைக்குத் தெரியாது. அதனால்தான் உங்ககிட்ட வந்திருக்காங்க.

கடைசியில் நான் செய்தது

பிஸ்கட்டை வீட்டுக்குள்ளேயே வைப்பது என்று முடிவெடுத்தேன். வெளியே சுற்றிப் பழகிய பூனையை அடைப்பது கொடுமையில்லையா என்று எனக்கும் குழப்பம்தான். பார்க்க ஜன்னல், ஏற உயரம், கீற ஒரு கம்பம், வேட்டையாட ஒரு விளையாட்டு. இவை இல்லாமல் அடைத்தால் கொடுமைதான்.

பால்கனிக்குப் புறா வலை. சாதாரண நைலான் வலையைப் பூனை கடித்துவிடும் என்பதால் கொஞ்சம் தடிமனானது. மாடியிலிருந்து விழுந்தால் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிக்கொண்டிருக்கும் ஆள்களுக்கு: நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி 1987-ல் வெளியான ஆய்வில், 90 சதவிகிதம் பிழைத்தன. ஆனால் நிறைய பூனைகளுக்கு நெஞ்சில் அடி, தாடையில் அடி, கால் முறிவு. வந்து சேராமலேயே செத்தவை கணக்கிலேயே இல்லை.

ஒரு பலகையில் தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றி, அவன் எழுந்து நின்று கீறும் உயரத்துக்குச் சுவரோரம் நிறுத்தினேன். இரண்டு மணல் தட்டு (பூனை எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வைக்கச் சொல்கிறார்கள்). பூனைகள் அதிகாலையிலும் அந்தி நேரத்திலும்தான் அதிகம் துள்ளும். அதனால் ராத்திரி படுக்கும் முன் பதினைந்து நிமிடம் கயிறு இழுத்து விளையாட்டு, அதன் பிறகு சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, தூக்கம் என்று அதன் வரிசையிலேயே போனால் தூங்கிவிடும்.

சொன்னபடி நடந்ததா? முதல் பத்து நாள் காலை ஐந்து மணிக்குக் கதவருகே நின்று கத்திய கத்தலில் கீழ் வீட்டிலிருந்து புதுப் புகார் வந்தது. கதவைத் திறந்துவிடக் கை துறுதுறுவென்று இருந்தது. ஒரு தடவை திறந்தாலும் 'கத்தினா திறப்பாங்க' என்று கற்றுக்கொள்ளும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் அடங்கினான். இப்போதும் சாயங்காலம் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புறாக்களைப் பார்த்துப் பல்லைக் கடகடக்கிறான்.

ஆன்ட்டி வீட்டுத் தொட்டி மண்ணை முழுசாக மாற்றிக் கொடுத்தேன், கையுறை போட்டு. பொண்ணுக்குப் பரிசோதனை செய்ததில் தொற்று இல்லை. போன மாதம் பெண் குழந்தை பிறந்தது.

பாலும் வடகமும் இப்போது பத்திரம். ஆனால் மாடிப்படியில் புதிதாக ஒரு கறுப்புக் கடுவன் சுற்றுகிறது. யார் வீட்டுப் பூனையும் இல்லை. செக்யூரிட்டி அண்ணன் நாற்காலிக்குக் கீழே தூங்குகிறது, இரண்டாவது மாடிக் கதவில் பீய்ச்சிவிட்டுப் போகிறது. க்ரூப்பில் 'சிலர்' என்று யாரோ ஆரம்பித்துவிட்டார்கள்.

நேற்று காலை 6:40-க்கு மறுபடி பெல். ஆன்ட்டிதான். தோளில் குழந்தை.

"ஏம்மா, உன் பூனைக்கு ஆபரேஷன் பண்ணியே, அதுக்கு எவ்ளோ ஆச்சு? மாடிக்கு மாடி ஆளுக்குக் கொஞ்சம் போட்டா இந்தக் கறுப்பனுக்கும் பண்ணிடலாம்ல? ஆனா அவனைப் புடிக்கிறது யாரு?"